கோப்போடு குறிப்பும்

கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மின்னணுப் பாடப்பொருள் கிடைப்பதில்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. 2018-இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களின் பக்கங்களிலேயே க்யூஆர் குறியீடு அச்சாகியிருக்கிறது. அலைபேசியைக் காட்டினால் தீக்ஷா தளத்துக் காணொளி திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அதே காலத்தில் தொடங்கி 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைந்தது. 2023-இல் மணற்கேணி செயலி. அதற்கடுத்து தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளும், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகளும் திட்டமிடப்பட்டன. இவை போதாதென்று, வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் பணித்தாள், வினாத்தாள், பவர்பாயிண்ட், காணொளி என்று நாள்தோறும் வந்து குவிகின்றன. இத்தனையும் கையில் இருந்தும், நாளைக் காலை ஆறாம் வகுப்பில் பின்னம் எடுக்கப்போகும் ஆசிரியருக்கு இவற்றுள் எது தம் பிள்ளைகளுக்குச் சரிவரும் என்று தெரிவதில்லை. அதைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளியில்தான் இருக்கிறார். அவர் கோப்பை அனுப்புகிறார், தெரிந்ததைச் சொல்வதில்லை. இந்த அத்தியாயத்தின் வாதம் இதைச் சுற்றியதுதான். ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் கோப்பு பாதி வளம். எந்த வகுப்பில், எந்த மொழிப் பிள்ளைகளிடம் அதைப் பயன்படுத்தினோம், அங்கே என்ன நடந்தது என்று ஐந்தாறு வரிக் குறிப்பு சேரும்போதுதான் இன்னொருவர் அதை நம்பி எடுக்க முடியும்.

இந்த வாதம் எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும் என்றாலும், ஓசூர்ப் பகுதியில் அதற்குக் கூடுதல் வலு உண்டு. ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். தெலுங்கு, கன்னடம், உருது வழியில் நடக்கும் அரசுப் பள்ளிகளும் உள்ளன. 1970-களில் சிப்காட் வந்தது; தொடர்ந்து டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன், இப்போது மின்வாகன ஆலைகளும் மின்னணு ஆலைகளும். அவற்றை நம்பி வந்த குடும்பங்களோடு இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் பிள்ளைகளும் வகுப்புக்குள் வந்தார்கள். ஒப்பந்த வேலை முடிந்தாலோ வாடகை கட்டுப்படியாகாமல் போனாலோ நடு ஆண்டிலேயே பள்ளி மாறும் பிள்ளைகள் அவர்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வகுப்பை மனத்தில் வைத்துத் தலைநகரில் எடுத்த ஒரு காணொளி, பாகலூரில் ஒரு வகுப்பில் எந்த இடத்தில் பிடிபடாமல் போகிறது என்பதை அதைத் தயாரித்தவர் அறிய வழியில்லை. அங்கே பாடம் நடத்துபவர் மட்டுமே அறிவார். அவரும் நிரந்தரமாக அங்கே இருக்கப்போவதில்லை. பிற மாவட்டங்களிலிருந்து பணிக்கு வந்து, கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் பெற்றுச் செல்லும் ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் பலர். அவர் பல ஆண்டுகளில் கற்றுக்கொண்டது அவரோடு பேருந்து ஏறிவிடுகிறது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

கருவியும் பொருளும் கொடுத்தாலே கற்றல் கூடிவிடும் என்ற நம்பிக்கை உலக அளவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. பெரு நாட்டில், பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற திட்டம் நடந்த கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து, 319 பள்ளிகளின் தரவோடு 2012-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கணினிப் பயன்பாடு வெகுவாகக் கூடியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி கூடவில்லை. கல்வித் தொழில்நுட்பத்தையே பொருளாக எடுத்துக்கொண்ட யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும், இந்தக் கருவிகளின் பயன் குறித்த நடுநிலையான சான்று மிகக் குறைவு என்றே சொல்கிறது. இதைக் கேட்டு ஸ்மார்ட் பலகையை மூடிவைக்கச் சொல்ல வரவில்லை. எந்தக் கருவி எங்கே உதவும் என்பதை மேலிருந்து யாரும் நமக்கு உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. அப்படியானால் அந்தச் சான்றைத் திரட்டும் வேலை வகுப்பறையில்தான் நடந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. கொரோனா காலத்துப் பள்ளி மூடலுக்குப் பின், கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்து அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் செய்த ஆய்வு அது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்த கற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். அந்தத் திட்டத்தின் பலம் தெருவிலோ பள்ளி வளாகத்திலோ மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்த தன்னார்வலர்கள். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அருகிலிருந்து பார்க்க முடிந்தவர்கள் அவர்கள். வகுப்பறைக் குறிப்பு பதிவு செய்ய வேண்டியதும் இந்தப் பார்வையைத்தான்.

ஆசிரியர்கள் தமக்குள் வளம் ஆக்கி, பகிர்ந்து, விவாதிப்பது நடக்கக்கூடிய காரியமா என்ற ஐயத்துக்கு, ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டினால் விடை கிடைக்கும். கர்நாடக அரசின் கல்வி ஆராய்ச்சி, பயிற்சித் துறையும் பெங்களூரைச் சேர்ந்த ஐடி ஃபார் சேஞ்ச் அமைப்பும் இணைந்து 2011-இல் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்காகப் பாட ஆசிரியர் மன்றம் ஒன்றைத் தொடங்கின. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் பயிலரங்குகளில் கூடி, ஜியோஜீப்ரா போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கையாளப் பழகினார்கள். பிறகு பாடவாரியாக ஒரே குழுவில் தொடர்ந்து பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சிலிருந்து விளைந்தவற்றைச் சேர்த்துவைக்க, யாரும் திருத்தக்கூடிய விக்கி வடிவில், கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கர்நாடகத் திறந்த கல்வி வளங்கள் என்ற தொகுப்பு 2013-இல் உருவானது. இதில் நாம் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் ஆசிரியர்கள் நேரில் கூடினார்கள். அடுத்து பேச்சு தொடர்ந்தது. அதன் பிறகே தொகுப்பு. நம் பக்கத்தில் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். தொகுப்பைக் கட்டிவிட்டு ஆசிரியரை அழைக்கிறோம், அவர் பார்வையாளராக வந்து இறக்கிக்கொண்டு போகிறார். கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2009-இல் தொடங்கிய ஸ்கூல் விக்கியும் பள்ளிகளையே எழுதவைத்த முயற்சி. இரு அண்டை மாநிலங்களும் செய்து பார்த்ததை, இரண்டு மொழி தெரிந்த ஆசிரியர்கள் நிறைந்த ஓசூர் செய்ய முடியாததற்குக் காரணம் எதுவும் இல்லை.

இனி, குறிப்பில் என்ன எழுதுவது என்று பார்ப்போம். இந்த ஊர்ப் பெற்றோரில் பலருக்குத் தெரிந்த ஓர் ஏற்பாடு இதற்கு மிக நெருக்கமானது. ஆலையில் ஷிப்ட் முடிந்து போகிறவர், அடுத்து வருபவருக்காகப் பதிவேட்டில் எழுதிவைப்பார்: எந்த எந்திரம் எப்படி ஓடியது, எங்கே நின்றது, என்ன சரிசெய்தோம், எதில் கண் வைக்க வேண்டும். அடுத்தவர் அதைப் படித்துவிட்டுத்தான் எந்திரத்தில் கைவைப்பார். ஓசூரைத் தளமாகக் கொண்ட டிவிஎஸ் மோட்டார் 2002-இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்றது. சிறு விலகலையும் எழுதிவைத்து, கூடிப் பேசி, திருத்திக்கொள்ளும் வழக்கமே அத்தகைய தர முறைகளின் அடிப்படை. வகுப்பறையை ஆலையாக்க வேண்டியதில்லை. எழுதிவைக்கும் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

எடுத்துக்காட்டாக, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தொகுப்பில் உள்ள மின்சுற்று உருவகத்தை ஓர் ஆசிரியர் பகிர்கிறார் என்று கொள்வோம். இணைப்பை மட்டும் அனுப்பி, மிக அருமை, அனைவரும் பயன்படுத்துங்கள் என்று எழுதினால் அது விளம்பரம். குறிப்பு இப்படி இருக்கலாம்: எட்டாம் வகுப்பு, தமிழ் வழி, பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு. ஸ்மார்ட் பலகையில் நானே இயக்கிக் காட்டியபோது பத்து நிமிடத்துக்கு மேல் பின்வரிசை நிற்கவில்லை. மறுநாள் இன்னொரு பிரிவில் முதலில் பேட்டரி, பல்பு, ஒயர் கொடுத்து எரியவைக்கச் சொல்லிவிட்டு, பிறகு உருவகத்தைத் திறந்தேன், கேள்விகள் வந்தன. தொடரிணைப்பில் முதல் பல்பிலேயே மின்சாரம் பாதி தீர்ந்துவிடும் என்று பலர் சொன்னார்கள்; அம்மீட்டரை இரண்டு இடத்திலும் வைத்துக் காட்டியும் மூன்று பேர் ஒத்துக்கொள்ளவில்லை. மின்னோட்டம், மின்னழுத்தம் என்ற இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அடுத்த முறை மின்னழுத்தத்தைத் தனி நாளில் வைத்துக்கொள்வேன். இவ்வளவுதான். இந்த மாதிரிக் குறிப்பைப் படிக்கும் இன்னோர் ஆசிரியருக்கு உருவகத்தைவிடப் பெரிய உதவி கிடைத்துவிடுகிறது. மின்னோட்டம் பல்பில் தீர்ந்துபோகும் என்ற எண்ணம் உலகெங்கும் பிள்ளைகளிடம் காணப்படும், அறிவியல் கல்வி ஆய்வுகளில் நன்கு பதிவான ஒன்று. அது தம் வகுப்பிலும் தலைகாட்டும் என்று அவர் எதிர்பார்த்துப் போவார். தோற்ற இடத்தை எழுதியதால்தான் அந்தக் குறிப்பு இவ்வளவு பயன்படுகிறது. வெற்றியை மட்டும் எழுதிய குறிப்பால் யாருக்கும் வழி தெரியாது.

குறிப்புக்குத் தலைப்பிடும்போது பாட எண்ணை நம்பாதீர்கள். இந்த எல்லைப் பகுதியில் இது சிறு விஷயமாகத் தோன்றினாலும் மிக முக்கியமானது. தளிப் பக்கம் கன்னட வழிப் பள்ளியில் கற்பிப்பவருக்குத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். ஆனால் மணற்கேணி போன்ற அரசுத் தொகுப்புகள் தமிழிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கின்றன. அவர் கர்நாடகத் தொகுப்பிலிருந்து எடுக்கலாம். அங்கே பாட எண்ணும் பருவப் பிரிப்பும் வேறு. தெலுங்கு வழி ஆசிரியருக்கு ஆந்திரத்தோடு இதே நிலை. ஏழாம் வகுப்பு, இரண்டாம் பருவம், பாடம் 3 என்று எழுதினால் ஒரே வழிப் பள்ளிக்குள், ஒரே பதிப்புக்குள் அந்த வளம் அடைபட்டுவிடும். பாடநூல் மாறும் ஆண்டில் அதுவும் பயனற்றுப்போகும். பின்னங்களை ஒப்பிடுதல், ஒளி எதிரொளித்தல், நிலவரைபடத்தில் அளவுகோல் என்று கருத்தின் பெயரை எழுதுங்கள். பிள்ளைகளின் வீட்டு மொழியையும் எழுதுங்கள். கருத்துக்கு மாநில எல்லை கிடையாது.

மொழி விஷயத்தில் இன்னொன்று. மேலே சொன்ன யுனெஸ்கோ அறிக்கை, ஓஇஆர் காமன்ஸ் என்ற உலகத் திறந்த கல்வி வள நூலகத்தில் 92 விழுக்காடு ஆங்கிலத்தில் இருப்பதாகக் கணக்கிடுகிறது. உலகமே நமக்காகத் தயாரித்து வைத்திருக்கிறது என்று காத்திருந்தால், தமிழுக்கே கொஞ்சம்தான் கிடைக்கும். சூளகிரித் தெலுங்குக்கு ஒன்றும் கிடைக்காது. இந்த நிலையில் ஓசூர் ஆசிரியருக்கு உடனே கைகொடுக்கக் கூடியது பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம். அதன் கதைகளை எவரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டுக்கொள்ளலாம். அதற்கேற்ற திறந்த உரிமத்தில்தான் அவை வெளியாகின்றன. ஒரே கதையைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி, ஒடியா ஆகிய மொழிகளில் தேடி எடுத்து, ஒரே படத்தின் கீழ் இரண்டு மொழி வைத்துப் பிள்ளைகளிடம் கொடுக்க முடியும். ஒரு மொழியில் இல்லாவிட்டால், அந்த மொழி தெரிந்த ஆசிரியர், அக்கம்பக்கப் பள்ளிகள் கூடும் குறுவள மையத்தில் யாரேனும் இருப்பார். எந்தக் கதை ஒடியா பேசும் பிள்ளையைத் தமிழ் எழுத்துக்கு அழைத்து வந்தது என்ற குறிப்பை எழுதக்கூடிய ஆசிரியர்கள் இந்த ஆலைப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள்.

பகிர்வைக் கெடுக்கும் காரணங்களில் மிகச் சாதாரணமானது எழுத்துரு. பாமினியிலோ வானவில்லிலோ தட்டிய வினாத்தாள் இன்னொருவர் அலைபேசியில் திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. இதற்குப் பயந்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறோம். பிடிஎஃப் தெளிவாகத் தெரியும், ஆனால் ஒரு கேள்வியைக்கூட எளிதில் மாற்ற முடியாது, தேடினாலும் கிடைக்காது. கையால் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் மோசம். 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் நெடுநாளாக இருக்கின்றன. எனவே குழுவில் ஒரு விதியை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்: திருத்தக்கூடிய மூலக்கோப்பு யூனிகோடில் வரவேண்டும்; அச்சிட வசதியாக பிடிஎஃப் கூடவே வரலாம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் உங்கள் பணித்தாளில் கதாபாத்திரத்தின் பெயரை மாற்றி, இரண்டு கணக்கைக் குறைத்து, அடியில் கன்னடத்தில் ஒரு வரி சேர்க்க முடிந்தால்தான் அது அவருடையதாகும். கோப்பின் பெயரிலும் வகுப்பு, கருத்து, மொழி மூன்றும் இருக்கட்டும். எண்களால் ஆன பெயரோடு வரும் கோப்பு மறுவாரமே தொலைந்துபோகும்.

இணையம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்கும் என்று நினைத்துத் திட்டமிடக் கூடாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களில் சிக்னல் எட்டாத பள்ளிகள் உண்டு. ஓசூர் நகரத்திலேயே ஒரு வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் காணொளி திறந்தால் நின்று நின்று ஓடும். ஃபெட் உருவகம் ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். ஜியோஜீப்ராவையும் கணினியில் நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. ஸ்டோரிவீவர் கதைகளையும் இறக்கிவைக்க முடியும். இணைப்பாக மட்டும் இருக்கும் வளத்தைப் பகிர்ந்தால், இது இணையம் இன்றி ஓடாது என்று குறிப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மலைப் பள்ளி ஆசிரியரின் ஒரு பாடவேளை வீணாகாமல் காப்பாற்றும் வரி அது.

நேரம் எங்கே என்பது முதல் ஆட்சேபம். அது நியாயமானது. எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவு, பயிற்சிகள், தேர்தல் பணி, நலத்திட்டப் பட்டியல்கள் என்று ஆசிரியரின் நேரத்தைத் தின்பவை ஏற்கெனவே அதிகம். அதனால்தான் நான் கேட்பது மாதத்துக்கு ஒரு குறிப்பு மட்டும், அதுவும் அலைபேசியில் தமிழில் பேசிப் பதிவாகும் ஐந்தாறு வரி. ஒரு குறுவள மையத்தில் இருபது ஆசிரியர்கள் பத்து மாதம் இப்படிச் செய்தால் ஆண்டில் 200 குறிப்புகள் சேரும். எதைப் பயன்படுத்துவது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே தேடிச் செலவிடும் மாலைகளோடு ஒப்பிட்டால் இது சேமிப்பு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: இந்தக் குறிப்பு எமிஸில் ஏற்ற வேண்டிய இன்னொரு படிவமாக ஒருபோதும் மாறக் கூடாது. எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று மேலிடம் எண்ணத் தொடங்கிய மறுநாளே, எண்ணிக்கைக்காக எழுதிய குறிப்புகள் வந்து குவியும், உண்மையானவை நின்றுவிடும்.

இரண்டாவது ஆட்சேபம் அச்சத்திலிருந்து வருகிறது. என் வகுப்பில் இது எடுபடவில்லை என்று எழுதினால், நாளை ஆய்வுக்கு வரும் அலுவலர் அதையே எடுத்துக் கேட்கமாட்டாரா? கேட்கலாம். வட்டாரக் கல்வி அலுவலரும் தலைமையாசிரியர்களும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கையும் வாழ்த்தும் மட்டுமே ஓடுவதற்கு இதுவே காரணம். அது ஆசிரியர்களின் குறை இல்லை. எனவே பாடம் பேசும் குழு தனியாக, சிறியதாக, ஒரே பாடத்தைக் கற்பிப்பவர்கள் மட்டும் இருப்பதாக அமையட்டும். அலுவலர்கள் தங்கள் பங்குக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்தக் குழுவில் தாங்கள் இல்லாமல் இருப்பதற்கு ஒப்புக்கொள்வது. தவறான பொருளும் இப்படிப் பரவிவிடாதா என்றால், பரவும், இப்போதும் பரவுகிறது. குறிப்போடு வரும்போது மறுத்துச் சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது. உங்கள் வகுப்பில் சரிவந்தது எங்கள் வகுப்பில் ஏன் வரவில்லை என்ற கேள்வியோடுதான் உண்மையான பாட விவாதம் தொடங்குகிறது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் பணித்தாள் கிடைக்கும்போது எதற்கு இத்தனை பாடு என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். கிடைக்கும்தான். தமிழில் கேட்டால் கலைச்சொல் பாடநூலோடு ஒத்துப்போகாமலும், கணக்கின் விடை பிசகியும் வருவதுண்டு. அவை காலத்தில் சரியாகலாம். ஆனால் சரியானாலும் என் வாதம் வலுப்பெறவே செய்யும். பணித்தாள் எவ்வளவு மலிவாகிறதோ, எந்தப் பணித்தாள் எந்தப் பிள்ளைகளிடம் எடுபட்டது என்ற அறிவு அவ்வளவு அரிதாகும். அந்த அறிவு எந்த எந்திரத்திடமும் இல்லை, ஏனென்றால் யாரும் அதை எழுதவே இல்லை. செயற்கை நுண்ணறிவால் ஆக்கிய கோப்பையும் தாராளமாகப் பகிருங்கள். அப்படி ஆக்கியது என்பதையும், நீங்கள் திருத்திய பிழைகளையும் குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

உரிமை பற்றிச் சுருக்கமாக. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பதற்கு விலக்கு அளிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக நகல் வழக்கில் 2016-இல் உயர் நீதிமன்றம் அதை விரிவாகவே பொருள்கொண்டது. அதை நம்பி ஒரு தனியார் வழிகாட்டி நூலை முழுதாகப் படமெடுத்துப் பொதுவெளியில் போட்டுவிட முடியாது. உங்கள் சொந்தப் படைப்பில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் குறித்து உங்கள் பெயரையும் போடுங்கள். அடுத்தவர் படைப்பை மாற்றினால் அவர் பெயரை அகற்றாதீர்கள். பெயர் அழிக்கப்பட்ட அனுபவம் ஒன்றே போதும், நல்ல ஆசிரியர் ஒருவர் பகிர்வதையே நிறுத்திவிடுவார். பிள்ளைகளின் முகம், பெயர், மதிப்பெண் எதுவும் குறிப்பில் வேண்டாம். 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையாகக் கொண்டு, அவர்கள் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலை அடிப்படையாக்குகிறது. சட்டம் இல்லாவிட்டாலும், மூன்று பேர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுத அந்த மூவரின் பெயர் தேவையில்லை.

ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பள்ளிக்கு ஏதேனும் தர யாராவது முன்வந்தால், பெரும்பாலும் இன்னொரு திரையைக் கேட்கிறோம். திரை இல்லாத பள்ளி கேட்கட்டும். இருக்கும் பள்ளிகள், ஆசிரியர்கள் அரைநாள் கூடி வளங்களைப் பேசுவதற்கான போக்குவரத்து, பிரிண்டர் மை, ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைக் கேட்கலாம். செலவு குறைவு, பயன் பல ஆண்டு.

அப்படிக் கூடுவதை எப்படி நடத்துவது? அரைநாள் கிடைக்காவிட்டாலும், குறுவள மையக் கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள்ளேயே முக்கால் மணி நேரத்தைப் பிரித்துக்கொண்டால் போதும். ஜப்பானில் நூறாண்டுக்கும் மேலாக நடக்கும் பாட ஆய்வு என்ற வழக்கத்தில், ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு பேசுவார்கள். பேச்சு முழுக்கப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றியே இருக்கும், ஆசிரியரை மதிப்பிடுவதாக இருக்காது. நம் முக்கால் மணி நேரத்துக்கும் அதே கட்டுப்பாடு வேண்டும். ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு கருத்து. அதற்கு இரண்டு வளம். இரண்டையும் பயன்படுத்திய இருவர் தங்கள் குறிப்பைப் படிக்கிறார்கள். முதலில் பேசும் உரிமை இளையவருக்கு. தெலுங்கு, கன்னட, உருது வழி ஆசிரியர் ஒருவராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கருத்தில் அவர் பிள்ளைகளுக்குப் பிடிபட்டு நம் பிள்ளைகளுக்குப் பிடிபடாத இடம் தெரியவந்தால், சிக்கல் பாடத்தில் இருக்கிறதா சொல்லில் இருக்கிறதா என்று அங்கேயே தெளியும். கூட்டம் முடியுமுன் இரண்டு குறிப்பும் திருத்தப்பட்டு, கோப்போடு சேர்ந்து, ஒரே இடத்தில் ஏற வேண்டும். அந்த இடம் ஒருவரின் சொந்த அலைபேசியாகவோ சொந்த ஜிமெயில் கணக்காகவோ இருக்கக் கூடாது. குறுவள மையப் பள்ளியின் ஹைடெக் லேப் கணினியில் ஒரு கோப்புறை, அதன் நகல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டுக்கும் பொறுப்பாக ஆண்டுக்கு ஒருவர். மாறுதல் கலந்தாய்வு வரும் மாதத்தில், பணியிலிருந்து விடுவிக்கப்படும் ஆசிரியர் சாவிகளையும் பதிவேடுகளையும் ஒப்படைக்கும்போது, தம் வகுப்புகளுக்கான குறிப்புகளை அந்தக் கோப்புறையில் ஒருமுறை பார்த்து, அடுத்து வருபவர் ஜூன் மாதத்தில் முதலில் திறக்க வேண்டிய மூன்றை மேலே நகர்த்தி வைக்கட்டும்.